குளிர்மலைத் தோலுக்குப் புரோபயாட்டிக் கிரீம்: வாங்கும் முன்பும் பூசும்போதும்

ஜனவரி மாதத்தில் உதகையில் இரவு பாலுக்கு உறை ஊற்றி மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்து பார்த்தால், பெரும்பாலும் பால் பாலாகவே இருக்கும். அதனால் எங்கள் அம்மா பாலைச் சற்றுக் கூடுதலான சூட்டிலேயே எடுத்துக்கொண்டு, உறைமோரையும் ஒரு கரண்டி கூட்டி ஊற்றி, பாத்திரத்தைப் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி, தணல் அடங்கிய விறகடுப்பின் ஓரத்தில் வைப்பார். அப்படியும் மறுநாள் பத்து மணிக்கு மேல்தான் தயிர் தோயும். பாலைத் தயிராக்குபவை உயிருள்ள பாக்டீரியாக்கள். அவற்றுக்குச் சூடு வேண்டும். உண்பதற்குப் பாலில் உள்ள சர்க்கரை வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது. குன்னூரில் மருந்துக் கடையில் நிற்கும் நான், ‘புரோபயாட்டிக்’ என்று அச்சிட்ட முகக் கிரீமையோ சீரத்தையோ கையில் வைத்துக்கொண்டு இதனால் நன்மை உண்டா, தீங்கு வருமா என்று கேட்பவர்களுக்கு முதலில் இந்தத் தயிர்ப் பாத்திரத்தைத்தான் நினைவுபடுத்துகிறேன். கிரீம் டப்பாவுக்குள் என்ன இருக்க முடியும், என்ன இருக்க முடியாது என்பது அதிலிருந்தே பாதி விளங்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு 2001-இல் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் கூடி, புரோபயாட்டிக் என்ற சொல்லுக்கு வரையறை தந்தது. போதுமான அளவில் செலுத்தப்படும்போது உடல்நலத்துக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பதே அதன் சாரம். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கிரீம்கள் இந்த வரையறையின் ‘உயிருள்ள’ என்ற சொல்லிலேயே நின்றுவிடுகின்றன. கிரீமில் நீர் இருக்கிறது. நீர் இருந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். அவற்றைத் தடுக்கப் பினாக்சிஎத்தனால் போன்ற பதப்படுத்திகளைச் சேர்க்கிறார்கள். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பிரித்துப் பார்க்கப் பதப்படுத்திக்குத் தெரியாது. அழகுப் பொருள்களுக்கான பன்னாட்டுத் தர அளவும் ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்கக் கூடாது என்கிறது. கண்ணைச் சுற்றிப் பூசுபவற்றுக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானவற்றுக்கும் அந்த எல்லை நூறுதான். ஒரு கரண்டித் தயிரில் கோடிக்கணக்கில் இருப்பவற்றோடு ஒப்பிட்டால் ஆயிரம் என்பது ஒன்றுமே இல்லை.

அப்படியானால் டப்பாவில் இருப்பது எது? பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து உடைத்தெடுத்த கூழ், அல்லது அது வளர்ந்த நீரை வடிகட்டியெடுத்த சாறு. முன்னதை லைசேட் என்றும், பின்னதை ஃபெர்மென்ட் ஃபில்ட்ரேட் என்றும் லேபிளில் எழுதுகிறார்கள். இறந்த நுண்ணுயிரும் அதன் கூறுகளும் நன்மை செய்யுமானால் அவற்றைப் போஸ்ட்பயாட்டிக் என்று அழைக்க வேண்டும் என 2021-இல் அறிவியலாளர் குழுவொன்று வரையறுத்தது. சர்க்கரை வகைகள், இனுலின் என்னும் நார்ச்சத்து போன்றவை தோலில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாகச் சேர்க்கப்பட்டால் அவை பிரீபயாட்டிக். இந்த மூன்றையும் ஒரே பெயரில் விற்பது வழக்கமாகிவிட்டது. இறந்ததென்றால் ஏமாற்று என்று பொருளில்லை. பின்னால் சொல்லப்போகும் ஆய்வுகளில் சில இறந்த பாக்டீரியாவைக் கொண்டு நடந்தவையே, பாதுகாப்பிலும் அதுவே மேல். ஆனால் வாங்குபவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

தோலும் குளிரும்

நம் தோலில் ஏற்கெனவே ஒரு பெருங்கூட்டம் குடியிருக்கிறது. ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்னும் பாக்டீரியா ஏறக்குறைய எல்லார் தோலிலும் உண்டு. எண்ணெய்ச் சுரப்பிகளில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் வாழ்கிறது. 2016 வரை அதைப் புரோபியோனிபாக்டீரியம் என்று அழைத்தார்கள். தலையிலும் முகத்திலும் மலசீசியா என்னும் ஈஸ்ட் இருக்கிறது, பொடுகுக்குக் காரணமாவதும் அதுவே. இவை அமைதியாக வாழத் தோல் சற்றுப் புளிப்பாக, அதாவது பி.எச். அளவு ஐந்தை ஒட்டி, இருக்க வேண்டும். சாதாரண சோப்புக் கட்டியின் பி.எச். ஒன்பது முதல் பத்து. சோப்புப் போட்ட பின் தோல் தன் புளிப்பை மீட்கச் சில மணி நேரம் ஆகிறது. அதற்குள் மறுபடியும் சோப்புப் போட்டால் மீளவே விடுவதில்லை.

இதில் மலை தன் பங்குக்கும் சேர்த்துச் செய்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உதகை, அவலாஞ்சி, தலைக்குந்தா பக்கங்களில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாட்களில் காற்றில் ஈரமே இருப்பதில்லை. குளிருக்கு அஞ்சி நாம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நெடுநேரம் குளிக்கிறோம். அந்த வெந்நீர் தோலின் மேலடுக்கில் செங்கற்களுக்கிடையே சாந்துபோல இருக்கும் செரமைடு முதலிய கொழுப்புகளைக் கரைத்துக்கொண்டு போகிறது. பிறகு கம்பளி மப்ளர் கழுத்தில் உரசுகிறது. அறைக்குள் ஹீட்டரோ கரியடுப்போ இருக்கும் ஈரத்தையும் குடிக்கிறது. வெயிலும் சும்மா இருப்பதில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய பத்து விழுக்காடு புறஊதாக் கதிர் கூடுகிறது. உதகையோ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய மேகத்தையும் மூடுபனியையும் அந்தக் கதிர் ஊடுருவி வரும். குழந்தைகளின் கன்னம் தக்காளிபோலச் சிவந்து சொரசொரப்பாக வெடிப்பதை ‘ஊட்டிக் கன்னம்’ என்று வெளியூர்க்காரர்கள் அழகாகச் சொன்னாலும், அது காய்ந்து புண்பட்ட தோல்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெடித்த கன்னத்துக்கும், கொழுந்து பறித்துப் பிளந்த விரல் நுனிக்கும், கேரட் கழுவிக் கழுவி உரிந்த உள்ளங்கைக்கும் முதல் மருந்து புரோபயாட்டிக் இல்லை. வெதுவெதுப்பான நீர், மென்மையான கழுவி, குளித்த ஈரம் காயுமுன் பூசும் சாதாரண மாய்ஸ்ச்சரைசர் ஆகிய மூன்றுமே முதல் மருந்து. இவற்றை நான்கு வாரம் ஒழுங்காகச் செய்து பார்க்காமல் புரோபயாட்டிக் சீரம் வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது.

என்ன பயன் நிறுவப்பட்டிருக்கிறது

தயிரில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்னும் பாக்டீரியாவை ஒலியலைகளால் உடைத்துக் கிரீமில் கலந்து பூசியபோது, தோலின் மேலடுக்கில் செரமைடு அளவு கூடியதை இத்தாலிய ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்டார்கள். அந்தப் பாக்டீரியாவில் உள்ள ஒரு நொதி தோலிலுள்ள கொழுப்பைச் செரமைடாக மாற்றியதே காரணம். வறண்ட தோலுக்கும் கரப்பான் எனப்படும் எக்ஸிமாவுக்கும் இந்த வழி பொருந்துகிறது. வெந்நீரூற்றுகளில் வாழும் விட்ரியோசில்லா ஃபிலிஃபார்மிஸ் என்னும் பாக்டீரியாவின் ஐந்து விழுக்காடு லைசேட் கலந்த கிரீமை எக்ஸிமா உள்ள 75 பேரைக் கொண்டு சோதித்த ஆய்வு 2008-இல் வந்தது. வெறும் கிரீம் பூசியவர்களைவிட லைசேட் கிரீமை முப்பது நாள் பூசியவர்களுக்கு அரிப்பும் சிவப்பும் கூடுதலாகக் குறைந்தன. லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் என்னும் பாக்டீரியாவின் சாற்றைக் கொண்டு முகப்பரு உள்ளவர்களிடம் 2012-இல் வெளியான ஆய்வில் ஐந்து விழுக்காடு கலந்தது பலன் தந்தது. ஒரு விழுக்காடு கலந்தது தரவில்லை. இந்த ஒன்று–ஐந்து வேறுபாட்டை நினைவில் வையுங்கள், லேபிள் படிக்கும்போது தேவைப்படும்.

உயிருள்ள பாக்டீரியாவைப் பூசும் ஆய்வுகளும் நடக்கின்றன. ஆரோக்கியமான மனிதத் தோலிலிருந்து எடுத்த ரோசியோமோனாஸ் மியூகோசா என்னும் பாக்டீரியாவை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் எக்ஸிமா உள்ள பத்துப் பெரியவர்களுக்கும் ஐந்து குழந்தைகளுக்கும் தெளித்துப் பார்த்து, பெரும்பாலோருக்கு நோய் தணிந்ததாக 2018-இல் வெளியிட்டபோது நம்பிக்கை பெருகியது. அதே வகைப் பாக்டீரியாவைக் கொண்டு செய்த மருந்தை இன்னும் பலரிடம், ஒப்பீட்டுக் குழுவும் வைத்து, சோதித்தபோது அது குறித்த இலக்கை எட்டவில்லை என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்னும் தோல் பாக்டீரியாவை 54 பெரியவர்களிடம் ஒரு வாரம் சோதித்ததில், எக்ஸிமாவைக் கிளறிவிடும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் குறைந்தது, பாதுகாப்புக் குறைவும் தென்படவில்லை. ஆனால் மொத்தமாகப் பார்க்கும்போது எக்ஸிமாவின் கடுமையில் தெளிவான வேறுபாடு வரவில்லை.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். வறட்சி, மெல்லிய எரிச்சல், லேசான எக்ஸிமா, லேசான முகப்பரு ஆகியவற்றுக்குத் துணையாக இத்தகைய கிரீம் உதவக்கூடும். ஓர் ஆய்வில் ஒரு வகைப் பாக்டீரியாவின் ஓர் அளவுக்குக் கிடைத்த பலனை, அதே பெயரின் முதல் பாதியை மட்டும் அச்சிட்ட வேறொரு டப்பாவுக்குப் பொருத்த முடியாது. சுருக்கம் மறையும், நிறம் வெளுக்கும், தழும்பு போய்விடும் என்ற வாக்குறுதிகளை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

லேபிளைப் படிப்பது

சென்ற குளிர்காலத்தில் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி தன் சீரம் பாட்டிலோடு கடைக்கு வந்தார். எழுத்து எறும்புபோல இருந்ததால் கைப்பேசி வெளிச்சத்தில் இருவரும் சேர்ந்து படித்தோம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘புரோபயாட்டிக்’. பின்பக்கத்தில் முதலில் நீர், பிறகு கிளிசரின், வைட்டமின் பி3 வகையான நயாசினமைடு, பிறகு இரண்டு கெட்டிப்படுத்திகள், பினாக்சிஎத்தனால், வாசனை, எல்லாவற்றுக்கும் கடைசியில் லாக்டோபாசில்லஸ் ஃபெர்மென்ட். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி, ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள்களை அளவு குறையும் வரிசையில் எழுத வேண்டும். ஒரு விழுக்காடும் அதற்குக் குறைவுமானவற்றை அதன் பின் எந்த வரிசையிலும் எழுதலாம். பினாக்சிஎத்தனாலைப் பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆகவே அதற்கும் பின்னால் நிற்பவை எல்லாம் ஒரு விழுக்காட்டைத் தாண்டாதவை என்று கொள்ளலாம். “அப்போ அக்கா, நான் காசு கொடுத்தது கிளிசரினுக்கா?” என்று அந்தப் பெண் கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான், கிளிசரினும் நயாசினமைடும் நல்லவையே, அவற்றை மிகக் குறைந்த விலையிலும் வாங்கலாம் என்று சொன்னேன்.

படிக்கும்போது பாக்டீரியாவின் முழுப் பெயரைத் தேடுங்கள். பேரினம், இனம், அதற்குப் பின் எழுத்தும் எண்ணுமாக வரும் வகைக்குறி ஆகிய மூன்றும் இருந்தால் தயாரித்தவர் எதைச் சேர்த்தார் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது என்று பொருள். 2020-இல் லாக்டோபாசில்லஸ் பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டதால், பிளான்டாரம் என்பது சில டப்பாக்களில் லாக்டிபிளான்டிபாசில்லஸ் பிளான்டாரம் என்று வரும், இரண்டும் ஒன்றே. லைசேட், ஃபெர்மென்ட், ஃபில்ட்ரேட் என்ற சொற்கள் வந்தால் அது இறந்தது. ‘உயிருள்ளது’ என்று சொல்லும் பொருளாக இருந்தால், எத்தனை உயிரணுக்கள் என்ற கணக்கும், அந்தக் கணக்கு காலாவதி நாள் வரைக்கும் உள்ளதா, தயாரித்த நாளுக்கு மட்டுமா என்ற தெளிவும், குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் இல்லாமல், சாதாரணப் பதப்படுத்தியும் சேர்த்து, ‘உயிருள்ள’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தச் சொல்லை நம்ப இடமில்லை.

உயிருள்ள பொருளை இணையத்தில் வரவழைப்பதில் மலைக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் அலமாரி குளிராக இருந்தாலும், பொட்டலம் ஏப்ரல், மே மாதங்களில் கோயம்புத்தூர்க் கிடங்கிலும் மேட்டுப்பாளையத்தில் நிற்கும் வண்டிக்குள்ளும் வெந்துவிட்டுத்தான் மலையேறுகிறது. குளிர்ப் பெட்டியில் பனிக்கட்டிப் பையோடு அனுப்புபவரிடம் மட்டும் வாங்குங்கள்.

உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள், தயாரிப்பாளர் முகவரி ஆகியவை இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். அழகுப் பொருளாக உரிமம் பெற்ற ஒன்று எக்ஸிமாவைக் குணப்படுத்தும் என்று எழுதியிருந்தால் அதுவே எச்சரிக்கை. நோயைத் தீர்ப்பதாகச் சொல்லும் பொருள் மருந்துக்குரிய உரிமம் பெற வேண்டும். இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. “தேய்ச்சா நாலு நாள்ல பளிச்சுன்னு ஆயிடுது அக்கா, விட்டா மறுபடி எரியுது” என்று சொல்லிக்கொண்டு வருபவர்களின் டியூபைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பெட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ இருக்கிறது. இந்த ஸ்டீராய்டு கிரீம்களை 2018-இல் அரசு மருத்துவர் சீட்டு வேண்டிய பட்டியலில் சேர்த்தது, அப்படியும் கைமாறிக் கைமாறி முகத்துக்கு வந்துவிடுகின்றன. நீண்ட நாள் இவற்றைப் பூசிய முகத்தில் தோல் மெலிந்து, சிறு இரத்தக் குழாய்கள் தெரிந்து, விட்டவுடன் தீயாய் எரியும். அந்த எரிச்சலைப் புரோபயாட்டிக் கிரீம் தணிக்காது. அதற்குத் தோல் மருத்துவரின் மேற்பார்வை வேண்டும்.

யார் பூசக் கூடாது

இறந்த பாக்டீரியாவின் சாறு கொண்ட கிரீம்கள் பெரும்பாலோருக்குத் தீங்கற்றவை. எரிச்சலும் ஒவ்வாமையும் வந்தால் அவை அதனுடன் சேர்ந்த வாசனை, பதப்படுத்தி, தாவர எண்ணெய் ஆகியவற்றால் வருவதே கூடுதல். பாலில் வளர்த்த பாக்டீரியாவாக இருந்தால் பால் புரதத்தின் சுவடு இருக்கலாம், ஆதலால் பால் ஒவ்வாமை உள்ளவர்களும் அத்தகைய குழந்தையின் பெற்றோரும் தயாரிப்பாளரிடம் கேட்டறிந்த பின்பே வாங்க வேண்டும்.

உயிருள்ள பாக்டீரியா கொண்டவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை நாள்தோறும் அதிக அளவில் உட்கொள்பவர்கள், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றிய வேறு நிலையில் உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. நலமுள்ளவருக்கு ஒன்றும் செய்யாத பாக்டீரியா இவர்களின் இரத்தத்தில் புகுந்தால் ஆபத்தாகும். கைக்குழந்தைக்கும், குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் அதே கட்டுப்பாடு. சர்க்கரை நோயாளியின் காற்புண், தையல் போட்ட இடம், தீக்காயம், டயாலிசிஸ் குழாய் போட்ட இடத்தைச் சுற்றிய தோல், நீர் கசியும் எக்ஸிமா ஆகியவற்றின் மேல் யாரும் பூசக் கூடாது. சேற்றுப்புண்ணுக்கும் படர்தாமரைக்கும் பூஞ்சைக்கான மருந்தே வேண்டும். கர்ப்பிணிகள் இறந்த வகையைப் பூசுவதில் அச்சப்பட ஒன்றுமில்லை என்றாலும், உடன் வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து அதைத் தவிர்க்க வேண்டும்.

பூசும் முறை

புதிய கிரீமை நேராக முகத்தில் பூசாதீர்கள். முழங்கை மடிப்பை ஒட்டிய உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் ஏழு நாள் பூசி, சிவப்போ அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பாருங்கள். ஒருநாள் போதாது, ஒவ்வாமை சில நாள் கழித்தே தலைகாட்டும். இங்கே குளிரில் முழுக்கைச் சட்டையும் ஸ்வெட்டரும் உரசி அந்த இடம் சிவக்கக்கூடும் என்பதால், மறு கையில் அதே இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழு நாளும் ஒன்றும் வரவில்லையென்றால் காதுக்குக் கீழே தாடையோரத்தில் மூன்று நாள், அதன் பிறகு முகம் முழுவதும். இந்த வாரங்களில் வேறு எந்தப் புதுப் பொருளையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எது நன்மை செய்தது, எது எரித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் ஒருமுறை புரோபயாட்டிக் சீரத்தையும் தோலின் மேலடுக்கை உரிக்கும் கிளைக்காலிக் அமிலத்தையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிட்டு, கன்னம் உரிந்து பத்து நாள் துன்பப்பட்டேன்; காரணம் எதுவென்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

குளிப்பது பத்து நிமிடத்துக்குள், வெதுவெதுப்பான நீரில் முடியட்டும். வெந்நீரைக் கையின் மேற்புறத்தில் ஊற்றிப் பார்த்து, சூடென்று தோன்றினால் முகத்துக்கு ஆகாது. முகத்துக்குச் சோப்புக் கட்டியை விட்டுவிட்டு, பி.எச். ஐந்தரை என்று எழுதிய சோப்பற்ற கழுவியை மாலையில் ஒருமுறை பயன்படுத்தினால் போதும். காலையில் வெறும் நீரே போதுமானது. தோட்டத்தில் மருந்தடித்த செடிகளைத் தொட்ட கைகளை மட்டும் தயங்காமல் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வர வேண்டும். துண்டால் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குள், சீரத்தை ஒரு பட்டாணி அளவு பரப்புங்கள். அது உள்வாங்கியதும் அதன் மேல் செரமைடோ கிளிசரினோ கொண்ட மாய்ஸ்ச்சரைசரைப் பூசுங்கள். உதடு ஓரத்திலும் மூக்கைச் சுற்றியும் விரல் வெடிப்பிலும் கடைசியாகப் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் பயன்படுத்துபவர்கள், நம் ஊர்க் குளிரில் அது கல்லாய் உறைந்துவிடுவதால் கட்டியாக அள்ளி அழுத்தித் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பே வெடித்த தோலைக் கீறும். புட்டியை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து உருக்கிக்கொள்ளலாம். பகலில் எல்லாவற்றுக்கும் மேல் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், மூடுபனி நாளிலும்.

நீலகிரியில் வீட்டுக்கு வீடு தைலம் இருக்கும். சளி பிடித்தால் யூகலிப்டஸ் தைலத்தைக் கழுத்திலும் மார்பிலும் தேய்ப்பதும், மூட்டு வலிக்கு விண்டர்கிரீன் தைலத்தைத் தேய்ப்பதும் நமக்குப் பழகிப்போனவை. இவை தோலை எரிக்கும் தன்மை கொண்டவை. யூகலிப்டஸ் தைலம் நுண்ணுயிர்களையும் கொல்லும். விண்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட். ஆகவே தைலம் தேய்த்த இடத்தில் புரோபயாட்டிக் கிரீமையும், எக்ஸிமா உள்ள இடத்தில் தைலத்தையும் வைக்காதீர்கள். முகப்பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடோ ஆன்டிபயாட்டிக் ஜெல்லோ பூசுபவர்கள், உயிருள்ள வகையைச் சேர்த்தால் மருந்து அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். இறந்த வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இதைத் தொடங்க வேண்டாம். மருந்தைப் பூசிச் சிறிது நேரம் கழித்து இதைப் பூசலாம்.

டப்பாவை இறுக மூடி, அடுப்பங்கரைக்கும் ஹீட்டருக்கும் தொலைவில் வையுங்கள். வாயகன்ற ஜாடியைவிடப் பம்ப் பாட்டில் நல்லது. ஜாடியென்றால் ஈர விரலை விடாமல் உலர்ந்த சிறு கரண்டியால் எடுங்கள். நிறம் மாறினாலோ புளித்த வாடை வந்தாலோ நீர் பிரிந்தாலோ குப்பையில் போட்டுவிடுங்கள். நுண்ணுயிரின் பெயர் தாங்கிய கிரீம் என்பதற்காக அது கெட்டுப்போகாது என்று எண்ணக் கூடாது.

வீட்டுத் தயிர்

தயிரிலேயே அந்தப் பாக்டீரியா இருக்கிறதே, அதையே பூசலாகாதா என்று கேட்கிறார்கள். முழுமையான, வெடிப்பில்லாத தோலில் புதுத் தயிரைப் பத்து நிமிடம் பூசிக் கழுவுவதால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. அதிலுள்ள லாக்டிக் அமிலம் தோலை மெல்ல மிருதுவாக்கும், கொழுப்பு ஈரத்தைக் காக்கும். ஆனால் நம் உறைமோரில் எந்தெந்தப் பாக்டீரியா, எந்தெந்த ஈஸ்ட் என்று யாரும் அளந்ததில்லை, பாத்திரத்துக்குப் பாத்திரம் அது மாறும். கழுவிய பின் அவை தோலில் குடியேறுவதும் இல்லை, பாலில் வாழப் பழகியவற்றுக்குத் தோல் ஊரல்ல. வெடித்த கன்னம், உடைந்த பரு, எக்ஸிமாப் புண் ஆகியவற்றின் மேல் தயிர் வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு கலப்பதை முற்றிலும் விட்டுவிடுங்கள். எனக்குக் கேட்டால், அந்தத் தயிரைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

எப்போது நிறுத்துவது

மெல்லிய குறுகுறுப்பு ஒரு நிமிடத்தில் அடங்கினால் தொடரலாம். எரிச்சல் நீடித்தாலோ, தடித்தாலோ, புதுப் பருக்கள் கூட்டமாக வந்தாலோ கழுவிவிட்டு நிறுத்துங்கள். சிவப்பு பரவிச் சூடாகி வலித்தால், சீழோ தேன் நிற அடையோ வந்தால், காய்ச்சல் கண்டால், அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எக்ஸிமா உள்ளவருக்குத் துளையிட்டாற்போன்ற சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து வலித்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம். அதற்கு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. இரவில் மிகுந்து விரலிடுக்கில் வரும் அரிப்பு வீட்டில் இருவர் மூவருக்கு இருந்தால் அது சொறி. எந்தப் புரோபயாட்டிக்கும் அதற்கு உதவாது, குடும்பம் முழுவதும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். வெளிறிய தேமல்போன்ற இடத்தில் தொட்டால் உணர்ச்சி தெரியவில்லையென்றால் கிரீம் எதையும் பூசி மறைக்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தொழுநோயாக இருந்தாலும் கூட்டு மருந்தால் முழுமையாகக் குணமாகும், சிகிச்சையும் இலவசம்.

ஒன்றும் தவறாமல் போனால் எட்டு வாரம் பூசிப் பாருங்கள். முதல் நாளிலும், நான்காம் வாரத்திலும், எட்டாம் வாரத்திலும் ஒரே சன்னலோரத்தில் ஒரே நேர வெளிச்சத்தில் கன்னத்தைப் படமெடுத்து வையுங்கள். இங்கே மார்ச்சு மாதத்தில் காற்றின் வறட்சி தணிந்தால் தோல் தானாகவும் தேறும் என்பதால், குளிர் குறையும் நாட்களில் தொடங்கினால் பலன் யாருடையது என்று பிரிக்க முடியாது. நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ தொடங்குவது நல்லது. இன்னும் தெளிவு வேண்டுமானால் ஒரு கன்னத்தில் மாய்ஸ்ச்சரைசர் மட்டும், மறு கன்னத்தில் சீரமும் மாய்ஸ்ச்சரைசரும் என்று நான்கு வாரம் செய்து பாருங்கள். இரண்டு கன்னமும் ஒன்றுபோல இருந்தால் இரண்டாவது பாட்டில் வாங்க வேண்டியதில்லை.